தக்கையை அளந்த பேராசிரியர்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் மாலை வேளையில் உலாவுவோர் இற்றைநாளில் ஒரு காட்சியைக் காணத் தவறார். மதிலோரத்திலும் கடைவாயிற் படிகளிலும் இளைஞர் நால்வர் ஐவராய் அமர்ந்து, கைத்தொலைபேசியின் மேற் கவிந்து, கண்ணுக்குப் புலனாகாத யாரோ ஒருவரோடு போர் புரிந்துகொண்டிருப்பர். எதிரே நின்று பொருதுபவர் மூதூரிலும் இருக்கலாம், மணிலாவிலும் இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் வென்றவன் கண்ணும் தோற்றவன் கண்ணும் ஒன்றையே நாடும். தன் பெயருக்குக் கீழே நிற்கும் ஓர் எண் ஏறிற்றா, இறங்கிற்றா என்பதே அது. அவ்வெண் சற்றுத் தாழ்ந்துவிட்டால் அன்றிரவு உணவு கசக்கும் பிள்ளைகளும் உளர் என்பதை ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் அறிவோம்.

அந்த எண்ணுக்குத் தந்தை ஒருவர் உண்டு. அவர் கணினி விளையாட்டு எதனையும் ஆக்கியவர் அல்லர். பௌதிகவியல் கற்பித்த ஓர் ஆசிரியர்; ஓய்வு நேரத்திற் சதுரங்கம் ஆடியவர்; பெயர் ஆர்பாட் எலோ. ஆடுவோர் பலர் எலோ என்பதை மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்றே எண்ணி, அவ்வாறே பெரிய எழுத்துகளில் எழுதியும் வருகின்றனர். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் பெயர். ஹங்கேரி நாட்டு மொழியில் உயிரோடிருப்பது என்பது அதன் பொருள்.

எலோ 1903 ஆம் ஆண்டு ஆகத்து 25 ஆந் திகதி, அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்த எகிஹாசகெசோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் உழவுத் தொழிலினர். முதல் உலகப் போர் மூள்வதற்கு ஓராண்டு முன், 1913 இல், அக்குடும்பம் கடல் கடந்து ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறியது. பத்து வயதுச் சிறுவன் புதிய மொழியிற் கற்று, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1925 இல் இளமாணிப் பட்டமும் 1928 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றான். இடையே 1926 ஆம் ஆண்டிலேயே மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி வாய்த்தது. அப்பல்கலைக்கழகம் இயேசு சபைத் துறவியர் நிறுவியது. நம் நகரத்துப் புனித சூசையப்பர் கல்லூரியில் அதே சபையைச் சார்ந்த அமெரிக்கத் துறவியரிடம் பாடங் கேட்டோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனராதலின், அத்தகைய கல்விக்கூடத்தின் கண்டிப்பும் ஒழுங்கும் எத்தகையன என்பதை இவ்வூர் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. எலோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே பௌதிகம் கற்பித்துக் கழித்தார்.

சதுரங்கத்தில் அவர் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். எனினும் விஸ்கொன்சின் மாநில வெற்றியாளர் பட்டத்தை எட்டு முறை வென்றவர். அமெரிக்காவிற் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றுசேர்த்து 1939 இல் ஐக்கிய அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார். 1957 இல் மில்வாக்கியில் நிகழ்ந்த ஒரு போட்டியில், ஐம்பது வயதைக் கடந்த இப்பேராசிரியர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தோற்றார். அச்சிறுவன் பொபி பிஷர். பின்னாளில் எலோவின் பட்டியலில் உச்சியில் அமரப்போகிறவனும் அவனே.

பட்டியலின் கதைக்கு வருமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். தரப்படுத்தல் என்னும் சொல் இங்கு இயல்பாய் வந்து விழும். ஆனால் 1970 களிற் பல்கலைக்கழக அனுமதியோடு பிணைந்து எம்மவர் நெஞ்சிலே தழும்பாகிவிட்ட சொல் அது. ஆதலின் அதனை விலக்கி, தரப்புள்ளி என்றே இங்கு வழங்குகின்றோம். பொருத்தமும் அதுவே. ஒருவரை எங்கே பிறந்தார், எந்த மாவட்டத்தார் என்று பாராது, யாரோடு ஆடினார், என்ன முடிவு என்ற இரண்டை மட்டுமே பார்ப்பது இக்கணக்கு.

எலோவுக்கு முன்னும் தரப்புள்ளிகள் இருந்தன. 1950 முதல் அமெரிக்கக் கூட்டமைப்பு கென்னத் ஹார்க்னெஸ் என்பார் வகுத்த முறையைக் கையாண்டது. போட்டியொன்றில் ஒருவர் சந்தித்த எதிராளிகளின் சராசரிப் புள்ளியை எடுப்பது. அவர் பாதி ஆட்டங்களை வென்றிருந்தால் அச்சராசரியை அவருக்குக் கொடுப்பது. பாதிக்கு மேற்பட்ட ஒவ்வொரு நூற்றுவீதத்துக்கும் பத்துப் புள்ளி கூட்டுவது, குறைந்தாற் குறைப்பது. கடைக்காரர் கணக்குப் போல எளியதுதான். ஆயினும் பத்து என்பது ஏன் பத்தாயிற்று என்று கேட்டால் விடையில்லை. சில வேளைகளில் முடிவுகளும் விபரீதமாய் அமைந்தன. 1950 களின் இறுதியில் இம்முறையைத் திருத்தித் தருமாறு கூட்டமைப்பு எலோவை அணுகியது.

அளத்தல் என்பது பௌதிக ஆசிரியரின் அன்றாடத் தொழில். அளக்கப்படும் பொருள் அசையாது நிற்குமாயின் அதில் வியப்பில்லை. மனிதன் ஆற்றலோ அசைந்துகொண்டேயிருப்பது. நேற்று வல்லவரை வீழ்த்தியவன் இன்று எளியவனிடம் தடுமாறுவான். எலோ தம் வேலையை விளக்குகையில், நீரின் மேல் எழுந்தும் தாழ்ந்தும் ஆடும் தக்கையொன்றின் இடத்தை, காற்றிலாடும் கயிற்றிற் கட்டிய அளவுகோலைக் கொண்டு அளக்க முயல்வதற்கு அதனை ஒப்பிட்டார். உட்துறைமுகத்தில் வலையின் மிதப்புகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இவ்வுவமை புரியாததன்று. தக்கையும் நிலையில்லை, கோலும் நிலையில்லை. ஆயினும் பலமுறை அளந்தால் நடுநிலை ஒன்று புலப்படும்.

அந்த நடுநிலையே தரப்புள்ளி. ஒருவரின் ஆட்டம் நாளுக்கு நாள் மாறினும், அம்மாற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என எலோ கொண்டார். பெரும்பாலான நாள்களில் அவர் தம் இடைநிலைக்கு அருகே ஆடுவார். மிகச் சிறந்த நாளும் மிக மோசமான நாளும் அரிதாகவே வரும். வரைந்து பார்த்தால் மணியின் வடிவந் தோன்றும். உயர்தர வகுப்பு மாணவர் செவ்வன் பரம்பல் எனப் படிப்பது இதுவே. ஆட்டக்காரர் ஒவ்வொருவரதும் நியம விலகலை 200 புள்ளி என்று அவர் வரையறுத்துக்கொண்டார். ஹார்க்னெஸ் காலத்து எண்களின் தோற்றத்துக்கு அது இசைந்தமையால், ஆடுவோருக்கும் புதிய முறை அந்நியமாய்த் தோன்றவில்லை. கணக்கைத் திருத்துவோர் மனிதரின் பழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதிலிருந்து பிறந்ததுதான் அவர் முறையின் உயிர்நிலை. இருவரின் புள்ளி வேறுபாடு தெரிந்தால், ஆட்டத்துக்கு முன்னரே எதிர்பார்ப்பு ஒன்றைக் கூறலாம். வேறுபாடு இல்லையெனில் ஆளுக்குப் பாதி. 100 புள்ளி வேறுபாடாயின் மேலவர் நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 64 க்குரிய பலனைப் பெறுவார். 200 ஆயின் 76. 400 ஆயின் 90 க்கு மேல். வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை, தோல்விக்குச் சுழி. ஆட்டம் முடிந்த பின் கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, அந்த மிகுதியை ஒரு குணகத்தாற் பெருக்கிப் பழைய புள்ளியோடு கூட்ட வேண்டியதே.

ஓர் எடுத்துக்காட்டு. 1500 புள்ளியுடைய மாணவன் ஒருவன் 1700 புள்ளியுடைய தன் ஆசிரியரோடு ஆடுகிறான். குணகம் 20 என்க. மாணவனிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24. அவன் தோற்றால் இழப்பு ஐந்து புள்ளியே. சமநிலை செய்தால் ஐந்து பெறுவான். வென்றுவிட்டாலோ பதினைந்து. அவன் பெறும் பதினைந்தும் ஆசிரியர் கணக்கிலிருந்தே வருகிறது. எளியவனை வெல்வதிற் பெரும்பேறு இல்லை. வலியவனிடம் தோற்பதிற் பேரிழப்பும் இல்லை. எதிர்பாராதது நிகழும்போது மட்டும் எண் துள்ளுகிறது. ஆட்டத்துக்கு முன் நாம் அறியாதிருந்த ஒன்றை ஆட்டம் நமக்குக் கற்பித்தால், கற்ற அளவுக்குத் திருத்திக்கொள்கிறோம்.

இத்தகைய எண்ணத்துக்கு முன்னோர் இலர் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க உளவியலறிஞர் தர்ஸ்டன் 1927 இலும், ஜெர்மானியக் கணித அறிஞர் செர்மெலோ 1929 இலும் இணைக்கு இணை ஒப்பிட்டு நிரைப்படுத்தும் வழிகளை ஆராய்ந்திருந்தனர். எலோவின் பெருமை, அறிஞர் ஏட்டிற் கிடந்த இயல்பினதை, சங்கத்துச் செயலாளர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துத் தாளிலே போடக்கூடிய கணக்காக்கித் தந்தமையே.

கணக்கு மெய்ப்பட்டதா? 1972 இல் ரெய்க்யாவிக் நகரில் உலகப் பட்டத்துக்காகப் பொபி பிஷரும் பொரிஸ் ஸ்பாஸ்கியும் மோதியபோது, பிஷரின் புள்ளி 2785, ஸ்பாஸ்கியினது 2660. 125 புள்ளி வேறுபாட்டுக்கு நூற்றுக்கு 67 எதிர்பார்க்கத்தக்கது. பலகையில் உண்மையாக ஆடப்பட்ட இருபது ஆட்டங்களிற் பிஷர் பெற்றது பன்னிரண்டரை. அஃதாவது நூற்றுக்கு 62 க்குச் சற்று மேல். அண்மைக்கு வருவோம். 2024 டிசம்பரிற் சிங்கப்பூரிலே சென்னை இளைஞர் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது அவர் புள்ளி 2783, எதிராளி டிங் லிரெனுடையது 2728. பதினான்கு ஆட்டங்களுக்குக் கணக்குக் கூறுவது எட்டுப் புள்ளிக்குச் சற்று அதிகம். குகேஷ் பெற்றது ஏழரை. கடைசி ஆட்டத்தில் அந்த அரைப்புள்ளிக்காக உலகமே மூச்சடக்கி நின்றதை எந்த அட்டவணையுஞ் சொல்லாது. அதைச் சொல்வது அதன் வேலையுமன்று.

அமெரிக்கக் கூட்டமைப்பு 1960 இல் எலோவின் முறையை ஏற்றது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 இல் ஏற்று, அடுத்த ஆண்டில் முதற் பட்டியலை வெளியிட்டது. இதன் பயன் யாதென அறிய அதற்கு முன்னிருந்த நிலையை நினைத்தல் வேண்டும். 1950 இல் உலகக் கூட்டமைப்பு முதன்முறையாகப் பெருந்தேர்ச்சியாளர் பட்டங்களை வழங்கியபோது, குழுவினரின் மதிப்பீடே அளவுகோல். பஞ்சாபிற் பிறந்து, ஒரு நிலக்கிழாரின் பணியாளராய் இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிற் பிரித்தானிய வெற்றியாளராகி, முன்னாள் உலக வெற்றியாளர் கபபிளாங்காவையே வீழ்த்திய மீர் சுல்தான் கானுக்கு அப்பட்டம் அளிக்கப்படவில்லை. அவர் அப்போது ஊர் திரும்பி, உலகின் கண்ணிலிருந்து மறைந்திருந்தார். 1966 இற் காலமானார். உலகக் கூட்டமைப்பு அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தது 2024 இல். குழுவின் நினைவு மறதிக்குட்பட்டது. ஆட்டங்களின் முடிவோ தாளில் இருந்தது. எலோவின் முறை கேட்பது முடிவுகளை மட்டுமே. அவை கிடைத்தாற் பணியாளும் பிரபுவும் அதற்கு ஒன்றே. 1978 இல் அவர் வெளியிட்ட நூலில், மறைந்த பழைய ஆட்டக்காரர்களின் ஆற்றலையும் அவ்வாறே பின்னோக்கிக் கணித்துக் காட்டினார்.

உலகப் பட்டியலின் கணக்கை 1980 களின் முற்பகுதி வரை அவரே போட்டார். கையிற் கணிபொறி ஒன்று. மேசையிலே தாளும் பென்சிலும். 2200 புள்ளிக்கு மேற்பட்டோரே அந்நாளிற் பட்டியலில் இடம்பெற்றமையால் அது ஒருவரால் ஆகக்கூடிய பணியாயிருந்தது. பேராசிரியர் ஒருவர் தம் வீட்டிலிருந்தபடி உலகத்து ஆட்டக்காரர் அனைவருக்கும் ஐந்தொகை எழுதிக்கொண்டிருந்தார் என்பது இன்று நம்புதற்கரியது.

ஆயினும் இவ்வெண்ணின் இயல்பை அறியாதார் அதன்மேல் ஏற்றும் சுமைகள் பல. பரீட்சைப் புள்ளி வினாத்தாளோடு மோதிப் பெறுவது. தரப்புள்ளி பிற மனிதரோடு மோதிப் பெறுவது. எல்லோருக்கும் ஆயிரம் புள்ளியைக் கூட்டினாலும் ஒன்றும் மாறாது. வேறுபாடே பொருள், தனியெண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே ஒரு குழுவினர் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அவர் எண்ணை வெளியார் எண்ணோடு ஒப்பிட முடியாது. 1987 இல் உலகக் கூட்டமைப்பு பெண்களுக்கெல்லாம் நூறு புள்ளி கூட்டி, ஹங்கேரியின் சூசன் போல்காருக்கு மட்டுங் கூட்டாது விட்டது. மற்றைப் பெண்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடி வந்தனர், போல்கார் ஆண்களோடு ஆடி வந்தார் என்பது சொல்லப்பட்ட காரணம். தனியெண்ணைத் தனியே வைத்து நோக்கின் அது அநீதியாய்த் தோன்றும். பலர் அவ்வாறே கொதித்தனர். இன்னொரு விந்தை: வேர்ஜீனியா மாநிலத்துச் சிறையில் ஆயுட்கைதியாயிருந்த குளோட் பிளட்குட் என்பவர், உடனிருந்த கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடி, 1996 அளவில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிவிட்டார். மதிலுக்குள் அடைபட்ட குளத்தின் நீர்மட்டம் கடலின் மட்டமாகாது.

மற்றொரு குறையுமுண்டு. விரைந்து வளரும் சிறுவர் தம் உண்மை ஆற்றலுக்குக் கீழான எண்ணோடு வந்து பெரியோரின் புள்ளிகளைப் பறித்துச் செல்வர். பட்டியல் முழுவதும் மெல்லத் தாழும். 2024 மார்ச்சில் உலகக் கூட்டமைப்பு 2000 க்குக் கீழ்ப்பட்டோர் அனைவரின் புள்ளியையும் ஒருமுறை உயர்த்தியது இதனாலேயே.

இனி, நம் தெருவோரத்து இளைஞரிடம் மீள்வோம். அவர் கையிலிருக்கும் எண் எலோவின் வழித்தோன்றல். பேரப்பிள்ளை என்றாலும் பொருந்தும். எலோவின் கணக்கில் எண் ஒன்றே உண்டு. அதை எவ்வளவு நம்பலாம் என்ற செய்தி இல்லை. 1995 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலறிஞர் மார்க் கிளிக்மன் இக்குறையை நீக்கினார். அவர் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: ஆற்றல் ஒன்று, அதிலுள்ள ஐயப்பாடு மற்றொன்று. நெடுநாள் ஆடாதிருந்தவரின் ஐயப்பாடு வளரும். அவர் எண் விரைந்து ஏறவும் இறங்கவும் இடங்கொடுக்கும். ஆடி ஆடி ஐயம் தீர்ந்தவரின் எண்ணோ எளிதில் அசையாது. இன்றைய இணையவழிச் சதுரங்கத் தளங்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

ஐவர் ஐவராய் அணி சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் இடர் இன்னும் பெரிது. அணி வென்றால் புகழ் யாருக்கு? மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் 2005 இல் எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்காக ஆக்கிய முறை, அணியின் ஆற்றலை அதன் உறுப்பினரின் கூட்டுத்தொகையாகக் கொண்டு, அணியின் வெற்றி தோல்வியிலிருந்தே ஒவ்வொருவரையும் மெல்ல மெல்லப் பிரித்தறிகிறது. அதில் ஒருவரின் ஆற்றல் 25 எனத் தொடங்கும். ஐயப்பாடோ எட்டுக்கு மேல். காட்டப்படும் எண், ஆற்றலிலிருந்து ஐயப்பாட்டின் மும்மடங்கைக் கழித்தது. எனவே புதியவன் சுழியில் நிற்பான். அவன் திறனற்றவன் என்பது அதன் பொருளன்று. அவனை இன்னும் அறியோம் என்பதே பொருள். எத்தனை பிள்ளைகள் இதனை மாற்றிப் படித்து மனம் நோகின்றனர்!

வேறொரு முறைப்பாடும் அடிக்கடி காதில் விழுகிறது. எத்துணை முயன்றாலும் பாதிக்கு மேல் வெல்ல முடியவில்லை, இயந்திரம் வஞ்சிக்கிறது என்பர். இணையவழி ஆட்டங்களில் தரப்புள்ளியின் முதற் பணி பரிசளிப்பதன்று. சமவலி உடையோரைத் தேடி எதிரெதிரே நிறுத்துவது. சமவலியோர் பொருதினாற் பாதிதான் கிடைக்கும். அவன் ஏறினால் எதிராளியும் ஏறியவனாகவே வருவான். பாதி தோற்கிறான் என்பதே அவன் தனக்குரிய இடத்தை அடைந்துவிட்டான் என்பதற்குச் சான்று. சில நிறுவனங்கள் உண்மைக் கணக்கை மறைத்துவைத்து, வெண்கலம், வெள்ளி, பொன் எனப் பதக்கப் பெயர்களை முன்னே தொங்கவிடுகின்றன. 2013 முதல் லீக் ஒவ் லெஜெண்ட்ஸ் என்னும் ஆட்டத்திலும் இவ்வழக்கம் உண்டு. அளவுகோலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வண்ண நாடாவைக் கையிற் கொடுப்பது போன்றது இது. பிள்ளைகளை ஆட்டத்தில் இருத்திவைக்க உதவலாம். தம்மைத் தாமே அறிய உதவுமோ என்பது ஐயமே.

எலோ இதனை ஓரளவு முன்னரே கண்டிருந்தார். தரப்புள்ளி ஒப்பிட்டு அளக்கும் கருவியேயன்றி நன்னடத்தைக்காகக் குழந்தைக்கு ஈயும் இனிப்பன்று என்பது அவர் உறுதியாய்க் கொண்டிருந்த கருத்து. தாம் படைத்த எண், படைத்தவர் கையை மீறி நடப்பதைக் கண்டு முதுமையில் அவர் மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. இளம் ஆட்டக்காரர் சிலர் பலகையைவிடப் பட்டியலையே உற்று நோக்கத் தொடங்கியமை அவருக்கு உறுத்தலாயிற்று. 1988 இல் அமெரிக்கச் சதுரங்கப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அதற்கு ஈராண்டின் பின், 1990 சனவரிப் பட்டியலில், கஸ்பரோவ் 2800 என்னும் எல்லையைத் தொட்டு, பதினெட்டு ஆண்டுகளாய் நின்ற பிஷரின் எண்ணைக் கடந்தார். அதனையும் எலோ காண வாழ்ந்திருந்தார்.

1992 நவம்பர் 5 ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்துப் புரூக்பீல்ட் நகரில் எலோ காலமானார், அகவை எண்பத்தொன்பது. அதே நாளிற் பெல்கிரேட் நகரிலே, இருபது ஆண்டுகள் போட்டியெதிலும் ஆடாதிருந்த பொபி பிஷர், ஸ்பாஸ்கியோடு தாம் ஆடிய இரண்டாந் தொடரின் முப்பதாவது ஆட்டத்தை வென்று முடித்தார்.